கொன்ற பின் கும்பிடுதல் தகுமா?

கொலையுண்ட ஒருவனுக்கு நாம் செய்ய வேண்டிய கடன் யாது? அவனைத் தெய்வமாக்கிப் படையல் இடுவதா, அன்றி அவன் கொலையுண்டவன் என்பதை மறவாதிருப்பதா? இவ்விரண்டும் ஒன்றே எனப் பலரும் எண்ணுகின்றனர். ஒன்றல்ல என்பதும், பல வேளைகளில் முன்னது பின்னதை மறைத்து நிற்கும் திரையாகிவிடும் என்பதும் நம் கருத்து. மதுரை வீரனின் மரணத்தை முன்வைத்து இதனை ஈண்டு ஆராய்வோம்.

இது ஏட்டுப் பொழுதுபோக்கன்று. விவேக் நகர், நீலசந்திரம், ஈஜிபுரம் முதலிய இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல, வட ஆற்காடு, சேலம், தருமபுரிச் சீமைகளிலிருந்து பாட்டன் காலத்தில் பிழைப்புத் தேடி வந்தவை. வரும்போது சட்டி பானைகளோடு குலதெய்வத்தையும் கொண்டு வந்தன. திரிசரணம் ஏற்று, பஞ்சசீலம் மேற்கொண்ட பின், பிற படங்களைச் சுவரிலிருந்து இறக்கி வைப்பதில் எவருக்கும் பெருந்துயரம் உண்டாகவில்லை. வீரன் மட்டும் இறங்க மறுக்கிறான். நம் பகுதி மூதாட்டி ஒருவர் நம்மிடம் வினவினார்: “ஐயா, வீரனை ராசா வெட்டிப் போட்டான். இப்போ நானும் வீட்டை விட்டு வெளியே போட்டா, ரெண்டு தரம் வெட்டினதா ஆகாதா?” இவ்வினாவிற்கு உறுதிமொழி ஏட்டைப் புரட்டி விடை கூறிவிட முடியாது. 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் அளித்த 22 உறுதிமொழிகளில் தெய்வ வழிபாட்டை விடுதல் உண்டு. சிராத்தம் செய்யாமை உண்டு. கொலையுண்ட நம்மவனை என்ன செய்வது என்பதற்கு அங்கே தனி வாசகம் இல்லை. நாமே சிந்தித்துக் காண வேண்டியதாயிற்று.

கதையை அன்பர்கள் அறிவர். எனினும் சுருக்கிக் கூறுவோம். காசி அரசனுக்கு ஒரு மகன் கொடி சுற்றிப் பிறந்தான். நாட்டிற்குக் கேடு எனச் சோதிடர் உரைக்க, குழந்தை காட்டில் விடப்பட்டது. செருப்புத் தைக்கும் குடியைச் சேர்ந்த தம்பதியர் எடுத்து வளர்த்தனர். வளர்ந்த வீரன், பாளையக்காரர் பொம்மண நாயக்கரின் மகள் பொம்மியைக் காவல் காக்கச் சென்று, அவளோடு காதல் கொண்டு அழைத்துச் சென்றான். துரத்தி வந்த படையை வென்றான். திருச்சியில் அரசுப் பணி பெற்றான். மதுரையில் கள்ளரை அடக்கவல்லார் எவருமில்லை என்று திருமலை நாயக்கர் வேண்ட, அங்குச் சென்று அடக்கினான். அங்கே வெள்ளையம்மாள் என்னும் ஆடல் மகள்மேல் மனம் வைத்து, ஓர் இரவில் அவளைக் கொண்டு செல்ல முயன்றபோது காவலர் கையில் அகப்பட்டான். கள்வன் என்றெண்ணிய அரசன் மாறுகால் மாறுகை வாங்கும்படி ஆணையிட்டான். வெட்டுண்டவன் யார் என்பது பின்னரே தெரிந்தது. மீனாட்சியின் அருளால் கைகால் மீண்டும் வளர்ந்தன என்றும், விதியை வெல்லலாகாது எனக் கூறி வீரன் தானே தன் கழுத்தை அரிந்துகொண்டான் என்றும், பின்னர் மதுரையைத் தொல்லைப்படுத்தவே அவனுக்குப் பூசை ஏற்படுத்தப்பட்டது என்றும் கதைப்பாடல் முடிக்கிறது. இன்றும் மீனாட்சி கோயிலின் கிழக்குக் கோபுரத்தருகே அவன் நிற்கிறான்.

ஒன்றை முதலிலேயே சொல்லி வைப்போம். திருமலை நாயக்கர் 1623 முதல் 1659 வரை ஆண்டவர். கதையின் சில வடிவங்களில் திருச்சி மன்னராக வரும் விசயரங்க சொக்கநாதரோ 1706-இல் பட்டம் ஏறியவர். இவ்விருவரையும் ஒரே காலத்தில் நிறுத்தும் கதையைக் கொண்டு வரலாற்றுத் திருமலை நாயக்கர் மேல் குற்றம் சாட்டுவது முறையன்று. நாம் விசாரிப்பது கதையை. அதைக் கேட்டு நம் மனம் எவ்வாறு பழகியிருக்கிறது என்பதை.

இக்கதை கொலையின் மேல் மூன்று துணிகளைப் போர்த்துகிறது. முதல் துணி பிறப்பு. செருப்புத் தைப்பவர் மகன் அரச குமாரியின் கரம் பற்றினான், படைகளை வென்றான் என்று பாடக் கதை சொல்வோர்க்கு நா எழவில்லை போலும். காசி அரசனைத் தேடிப் பிடித்துத் தந்தையாக்கினார்கள். இது வீரனுக்கு மட்டும் நேர்ந்ததன்று. ஆரியமாலையைக் காதலித்துக் கழுவேறிய காத்தவராயன், பறையர் குடியில் வளர்ந்தவனாயினும் சிவன் மகனாக்கப்பட்டான். முத்துப்பட்டன் கதையில், அவனை மணந்த பொம்மக்காவும் திம்மக்காவும் உண்மையில் பார்ப்பனப் பெண்களே எனச் சொல்லும் வடிவம் ஒன்று எழுந்தது. வீரமும் அழகும் அன்பும் ஒரு சேரியில் பிறக்க முடியும் என்பதை ஒப்புக்கொள்வதைக் காட்டிலும், எத்தனை குழந்தைகளை வேண்டுமானாலும் காட்டில் எறிந்து விடுவது அவர்களுக்கு எளிதாயிருந்தது!

நந்தனாரை எண்ணிப் பாருங்கள். 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தின்படி, ஆதனூரில் பிறந்த அவர் தில்லையில் தீயிற் புகுந்து, பூணூல் அணிந்த முனிவராய் வெளிப்பட்டார். தீ எரித்தது எதை? இவ்விடத்தில் கிரேக்கர் கதை ஒன்று நினைவுக்கு வருகிறது. ஹெராக்ளிஸ் என்னும் மாவீரன். ஹெர்குலிஸ் என்றால் நம்மவர்க்கு எளிதில் விளங்கும். ஆலைக்குச் செல்ல நம்மில் பலர் அப்பெயர் கொண்ட சைக்கிளைத்தான் மிதித்தோம். அவன் கடவுளுக்கும் மானிட மாதுக்கும் பிறந்தவன். அவன் நச்சம்பு பட்டுச் சாகும் நெஸ்ஸஸ் என்னும் குதிரை மனிதன், தன் குருதி கணவனின் அன்பை மீட்கும் மருந்து என்று ஹெராக்ளிஸின் மனைவி தையனீராவிடம் பொய் கூறிச் சென்றான். அவளும் நம்பி, அதனைப் பூசிய ஆடையைக் கணவனுக்கு அனுப்பினாள். ஆடை உடலோடு ஒட்டித் தசையை எரித்தது. செய்தி கேட்ட அவள் தன்னைத்தானே மாய்த்துக்கொண்டாள். வேதனை பொறாத வீரன் ஈட்டா மலைமேல் சிதை அடுக்கச் செய்து தீயிற் கிடந்தான். தாய்வழி வந்த மானிடப் பகுதி எரிந்தொழிய, எஞ்சிய தெய்வப் பகுதி வானுலகம் புகுந்தது என்பர். கிரேக்கன் தீயில் எரிந்தது மானிடத் தன்மை. நந்தன் தீயில் எரிந்ததாகச் சொல்லப்படுவது பிறந்த குடி. கிரேக்கர் மனிதனாய்ப் பிறந்ததையே குறையாக எண்ணினர். நம் நாட்டிலோ மனிதருள்ளும் குறிப்பிட்ட தெருவிற் பிறந்ததைக் குறையாக எண்ணினர். ஆனால், எரிந்தால்தான் உயர்வு என்னும் எண்ணம் இரண்டிற்கும் பொது.

பண்டிதர் அயோத்திதாசர் நந்தன் கதையை மறுத்து, அவன் வஞ்சனையால் கொல்லப்பட்ட பௌத்த மன்னன் என எழுதினார். 1898-இல் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அப்பெருமகன் மேல் நாம் கொண்ட மதிப்பு சிறிதும் குறையாமல் ஒன்று கேட்கிறோம். பண்ணையில் உழுத நந்தன் கொல்லப்பட்டால் அது போதிய கொடுமையன்றோ? அவன் மன்னனாக இருந்தால்தான் நம் கண்ணீர் பெருகுமோ? பண்டிதர் நமக்கு இழந்த வரலாற்றை மீட்டுத்தர முயன்றார், அந்நோக்கம் உயர்ந்தது. எனினும் பகவன் புத்தர் சென்ற வழி வேறு. சாக்கிய அரச குமாரர்கள் துறவு பூண வந்தபோது, அவர்களுடைய நாவிதனாகிய உபாலிக்கே முதலில் தீட்சை அளிக்கப்பட்டது. அரச குமாரர்கள் அவரை வணங்க வேண்டியதாயிற்று. உபாலி எந்த அரசனுக்கும் தொலைந்த மகன் என்று எவரும் சொல்லவில்லை. நாவிதராகவே இருந்தார், விநயத்தில் தலைசிறந்தவராகப் போற்றப்பெற்றார்.

இரண்டாம் துணி விதி. வெட்டுண்டவன் வாயாலேயே விதி என்று சொல்ல வைத்துவிட்டால் வெட்டியவன் கை கழுவிக்கொள்ளலாம். கைகால் மீண்டும் வளர்ந்தன. பிறகு அவனே தன் கழுத்தை அரிந்துகொண்டான். எத்துணை நுட்பமாகக் கொலை தற்கொலையாகிவிட்டது, பாருங்கள்! விசாரணையின்றிப் பிறந்த ஆணை, அதை நிறைவேற்றிய கத்தி ஆகியவற்றைப் பற்றி அதன்பின் ஒரு பேச்சுமில்லை.

நம்மிலும் சிலர் இங்கே வழுக்கி விழுகின்றனர். விதி என்னும் சொல்லை எடுத்துவிட்டு முன்வினை என்னும் சொல்லை வைத்துக்கொண்டால் அது பௌத்தமாகிவிடும் என்று எண்ணுகின்றனர். மோலிய சீவகன் என்னும் பரிவிராசகன் பகவனிடம் இதனையே வினவினான்: மனிதன் அடையும் இன்பதுன்பம் யாவும் முன்வினைப் பயனா? அல்ல என்றார் பகவன். பித்தம், கோழை, வாயு, அவை கலத்தல், பருவ மாறுதல், தகாத நடத்தை, பிறரால் தாக்கப்படுதல் ஆகியவற்றாலும் துன்பம் வரும்; வினைப்பயன் என்பது எட்டில் ஒன்று. தாக்கப்படுதல் தனியாக எண்ணப்பட்டிருக்கிறது, அன்பர்களே! மகா மோக்கல்லானர் கள்வர்களால் எலும்பு நொறுங்க அடிக்கப்பட்டு இறந்தார். அவருடைய முன்வினையை உரைகள் கூறுகின்றன. எனினும் அடித்தவர்கள் குற்றமற்றவர்கள் என்று அவ்வுரைகள் கூறவில்லை. ஒருவன் முன் செய்தது அவனுடைய கணக்கு. இப்போது கத்தி எடுப்பவன் எழுதுவது புதிய கணக்கு.

இக்கருத்தைத் தமிழில் எவரேனும் முன்பே சொல்லியிருக்கின்றனரா எனத் தேடினால், மணிமேகலை நம் கையிலேயே இருக்கிறது. கோவலனும் கள்வன் எனப் பெயர் சூட்டப்பட்டு விசாரணையின்றி அதே மதுரையில் வெட்டுண்டவன். கண்ணகி நகரை எரித்தாள், தெய்வமானாள், வஞ்சியில் கோயில் கொண்டாள். அக்கோயிலுக்கு மணிமேகலை சென்று நிற்கிறாள். சாத்தனார் அத்தெய்வத்தைப் பேச வைக்கிறார். கணவன் இறந்தது முற்பிறவி வினையால் என்று மதுராபதித் தெய்வம் சொல்லியும் கேளாமல், சினத்தால் ஊரை எரித்தேன்; இப்போது தேவராய் இருப்பினும் அத்தீவினை ஒருநாள் வந்து பற்றும்; பல பிறவி உழன்ற பின் கபிலையில் புத்தர் அறம் கேட்டே விடுதலை பெறுவோம் என்னும் பொருள்படக் கண்ணகி உரைக்கிறாள். பூசை பெறும் தெய்வமே, தெய்வமானதால் என் கணக்கு முடியவில்லை என்று சொல்கிறது! இதனினும் துணிவான ஓர் இடம் தமிழில் உண்டோ என நாம் ஐயுறுகிறோம். இறந்தவனுக்கே தெய்வப் பதவி விடுதலை அன்று என்றால், கொன்றவனுக்கு அது எப்படி விடுதலையாகும்?

ஒரு வேற்றுமையும் உண்டு. கோவலன் வணிகன். தவறு தெரிந்ததும் பாண்டியன் அரியணையிலேயே உயிர் நீத்தான். வீரன் கதையில் அரசன் வருந்தினான்; பின் ஆண்டான்.

மூன்றாம் துணியே நம் நெஞ்சை மிகவும் வருத்துவது. வீரன் உயிரோடிருந்தபோது பார்த்த வேலை யாது? காவல். பொம்மிக்குக் காவல், திருச்சியில் காவல், மதுரையில் கள்ளரிடமிருந்து ஊருக்குக் காவல். மாண்ட பின் அவனுக்குக் கொடுத்த பதவி யாது? மீண்டும் காவல்! கோபுர வாயிலில் நின்று உள்ளே இருப்பவர்களைக் காக்கும் வேலை. அவனைப் பெற்ற குடியினர் அக்கோபுரத்தைத் தாண்டி உள்ளே செல்ல 1939 சூலை 8 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அன்றுதான் வைத்தியநாத ஐயர் முதலியோர் நம்மவர் சிலரை உள்ளே அழைத்துச் சென்றனர். வெட்டியவர்களுக்கே இரவுக் காவலனாக நிறுத்தப்பட்டவனை நாம் தெய்வம் என்கிறோம். அது ஊதியமில்லாக் காவல் வேலை என்பது நம் கண்ணுக்குப் புலப்படாமற் போனது எவ்வாறு?

நாம் வேலை செய்த ஆலை ஒன்றில் நடந்ததைக் கூறுவோம். கார்டிங் இயந்திரத்தில் ஒரு தொழிலாளியின் கை அகப்பட்டது. சில நாட்களில் அவர் மாண்டார். இயந்திரத்திற்கு மேல்மூடி இல்லை என்று முன்பே பலர் சொல்லியிருந்தனர். அவர் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டமிட்டுப் பகுதியின் முகப்பில் மாட்டினர். ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று அப்படத்திற்கு மாலை, பொரிகடலை, அதிகாரிகள் கைகூப்பி நிற்பர். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. அவர் மனைவியோ அத்தொகைக்காக நடையாய் நடந்தார். கேட்கப் போனபோதெல்லாம், “உங்க வீட்டுக்காரரை நாங்க தெய்வமா வெச்சிருக்கோம்மா” என்பதே விடை. மேல்மூடி போடப்பட்டது ஒரு போராட்டத்திற்குப் பின். மாலை நார் உலர்ந்து தொங்கிய அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் நமக்குக் கிழக்குக் கோபுரம் நினைவுக்கு வந்ததுண்டு.

இனி மன்னிப்பைப் பற்றி. கொலையுண்டவன் மன்னிக்கலாகாதோ எனில், மன்னிக்கலாம். ஆனால் அதை அவனே செய்ய வேண்டும். பகவன் பாவா நகரத்தில் கொல்லன் மகன் சுந்தன் இட்ட உணவை உண்டு கடுநோயுற்றார். குசிநாரை நோக்கி நடந்தபோது ஆனந்தரிடம், சுந்தனின் மனத்தில் கழிவிரக்கம் எழாதபடி பார்த்துக்கொள்ளுமாறு பணித்தார். ஞானம் பெறுமுன் தாம் உண்ட உணவும், பரிநிப்பாணத்திற்கு முன் உண்ட உணவும் சமமான பெரும் பயனுடையவை என்று சுந்தனுக்குச் சொல்லும்படி கூறினார். உடல் நோவின் நடுவே, அந்த எளியவன் ஊரார் பழிக்கு ஆளாவானே என்னும் கவலை! தையனீராவுக்கு இப்படி ஒரு சொல் சென்றிருந்தால் அவள் மாண்டிருக்க வேண்டியதில்லை. அவளும் சுந்தனைப் போல அறியாது செய்தவளே.

ஆயினும் சுந்தனும் அரசனும் ஒன்றல்லர். சுந்தன் அன்பினால் உணவிட்டான். அறியாதது அவன் குற்றமன்று. அரசனோ அறிந்துகொள்ளக் கடமைப்பட்டவன். அகப்பட்டவன் யார் என்று விளக்கைத் தூக்கி முகம் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? பார்க்கத் தேவையில்லை என்று அவன் எண்ணியதே குற்றம். மேலும், சுந்தனை விடுவித்த சொல் நோயுற்றவர் வாயிலிருந்தே வந்தது. வீரன் சொன்னதாகக் கூறும் சொல்லை அவன் இறந்த பின் பிறர் எழுதினர். இறந்தவன் பெயரால் பிறர் வழங்கும் மன்னிப்பு கள்ளக் கையெழுத்தை ஒக்கும்.

1956 ஏப்ரலில் வெளிவந்த ‘மதுரை வீரன்’ படத்தைப் பார்த்து நம் பெற்றோர் கொட்டகையில் விம்மி அழுதனர். எம்.ஜி.ஆர். வீரன், பானுமதி பொம்மி, பத்மினி வெள்ளையம்மாள். அவர்கள் அழுகை பொய்யன்று. அதே ஆண்டு அக்டோபரில் நாகபுரியில் இலட்சக்கணக்கானோர் ஒருங்கே எழுந்து நின்றனர். இரண்டும் ஒரே துயரத்தினின்று பிறந்தவை. ஒன்று கண்ணீரோடு வீடு திரும்பியது. மற்றது வீடு திரும்பியதும் சுவரில் மாட்டியவற்றை எண்ணிப் பார்த்தது.

எனில் வீரனை எங்கே வைப்பது? ஓர் இளைஞர் நல்ல யோசனை ஒன்று சொன்னார். காந்தார நாட்டுச் சிற்பிகள் ஹெராக்ளிஸின் உருவத்தையே எடுத்து, அவன் தண்டாயுதத்தை வச்சிரமாக்கி, வச்சிரபாணி என்னும் பெயரால் புத்தர் அருகில் நிறுத்தினர். ஆப்கானிஸ்தானத்து ஹட்டாவிலும் அத்தகைய சிலை இருந்தது. கிரேக்க வீரன் பௌத்தனானான். நம் வீரனை விகாரை வாயிலில் நிறுத்தலாகாதா என்றார். அழகிய எண்ணம்தான். எனினும் நாம் இணங்கவில்லை. வச்சிரபாணியும் காவலனே. வீரன் காத்தது போதும்.

நாட்டில் வேறொரு வழக்கமும் இருந்தது. மாண்டவனுக்குக் கல் நட்டு, பெயரையும் எந்தச் சண்டையில் மாண்டான் என்பதையும் பொறித்தனர். விவேக் நகருக்குத் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில், சுமார் 890-ஆம் ஆண்டைச் சேர்ந்த கன்னடக் கல்வெட்டு ஒன்று பெங்களூர்ச் சண்டையில் மடிந்த புட்டண செட்டியைக் குறிக்கிறது. நம் நகரின் பெயர் காணப்படும் மிகப் பழைய எழுத்துகளுள் அதுவே முதன்மையானது என்பர். இத்தனை கணினி நிறுவனங்கள் நிறைந்த ஊரின் பெயர் நமக்கு முதலில் கிடைப்பது ஒரு சாவுச் செய்தியில்! கற்களுக்கும் பிற்காலத்தில் மஞ்சள் பூசிக் கிடா வெட்டினர். எழுத்து மறைந்து தெய்வம் தோன்றியது. எழுத்து தெரியும்வரை அது மாண்டவன் ஒருவனைப் பற்றிய செய்தியாக இருந்தது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலி உயர்வு கேட்டதே பகைக்கு மூலம். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளரை உயர்நீதிமன்றம் விடுவித்தது. அந்த 44 பேரையும் எவரும் தெய்வமாக்கவில்லை. ஆகவே அங்கே ஆண்டுதோறும் கூடுவோர் வரம் கேட்பதில்லை; யார் கொளுத்தியது என்றே கேட்கின்றனர்.

மூதாட்டிக்கு நாம் கூறியது இது. அம்மா, வீரனை வெளியே போட வேண்டா. பூசை மாடத்திலிருந்து எடுத்து உம் கணவர், மாமனார் படங்கள் இருக்கும் சுவரில் மாட்டுக. அவரும் நம் வீட்டில் இறந்த ஒருவரே. கிடாயும் சாராயமும் வேண்டா. அவை முதற் சீலத்திற்கும் ஐந்தாம் சீலத்திற்கும் பகை. அந்நாளில் பசித்த ஒருவருக்குச் சோறிடுக. அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்து, “வேண்டிக்கிட்டா கேக்க மாட்டாரா?” என்றார். கேட்க மாட்டார் என்றோம். அவ்விடையில் அவருக்கு நிறைவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அறுபது ஆண்டுப் பழக்கம், நாமும் வற்புறுத்தவில்லை.

பொம்மியும் வெள்ளையம்மாளும் அவனோடு தீயிற் புகுந்தனர் என்று கதைப்பாடல் சொல்கிறது. அதைக் கற்பு எனப் புகழ்ந்து, இரு பக்கமும் சிலையாக நிறுத்தினர். அவர்களுடைய மரணத்தை யார் விசாரிப்பது? இது தனியே எழுதத் தக்கது. மற்றோர் இதழில் எழுதுவோம்.

சென்ற மாதம் ஞாயிறு வகுப்பில் சிறுவர்க்கு இக்கதையைச் சொன்னோம். காசி அரசனை விட்டுவிட்டோம். செருப்புத் தைப்பவர் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தான் என்றே தொடங்கினோம். வெட்டும் கட்டம் வந்ததும் ஒரு பையன், கைகால் மறுபடி முளைத்ததாகத் தன் பாட்டி கூறியதைச் சொன்னான். முளைக்கவில்லை என்றோம். வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவியது. பின்னர் அவனே, “அந்த ராசாவை யாரும் ஒண்ணும் கேக்கலையா?” என்று வினவினான். அன்று மீதிப் பொழுதெல்லாம் அவ்வினாவைப் பற்றியே பேசினோம்.